பீச்சாங்கைக் கருவாடு

கருவாடு விற்கப் போனவள் கருவாடு வாங்கிக்கொண்டு வீடு திரும்பினாள் என்றால் யாராவது நம்புவார்களா? தபீதாள் அப்படித்தான் திரும்பினாள். அதுவும் என்ன கருவாடு? எங்கேயோ மலையடிவாரத்து அணைக்கட்டில் பிடித்த ஜிலேபி மீன் கருவாடு. பழவேற்காட்டு ஏரிக்கரையில் பிறந்து மடவையும் கெளுத்தியும் தின்று வளர்ந்தவள், நல்ல தண்ணி ஜிலேபிக்குச் சுருக்குப்பையை அவிழ்த்தாள் என்று தெரிந்தால் ஊரே சிரிக்கும். அதனால் விற்காமல் மிஞ்சிய சென்னாக்குன்னிப் பொடி இறாலுக்கு அடியில், கூடைக்குள் ஒளித்துத்தான் கொண்டுவந்தாள்.

அவள் ஊர் நண்டுமேடு. தடாவுக்குக் கிழக்கே, ஏரிக்குள் நீட்டிக்கொண்டிருக்கிற மணல்திட்டு. நெல்லூர் ஜில்லாவாக இருந்ததைத் திருப்பதி ஜில்லா என்று போர்டு மாற்றிவிட்டார்கள். மீனுக்கு அந்தச் சேதி இன்னும் போய்ச் சேரவில்லை. ஊர் நடுவில் மிஷன்காரர்கள் அந்தக் காலத்தில் கட்டிய கோவில். ஆண்கள் ஏரியில் இறங்குவார்கள், பெண்கள் கருவாடு போடுவார்கள், வயசுப் பெண்கள் கம்பெனி பஸ்ஸில் ஏறிப் போய் செல்போன் பூட்டிவிட்டு வருவார்கள். தபீதாளின் மகள் ஈவ்லினும் அந்த பஸ்தான்.

ஊரில் தபீதாளுக்கு சி.ஐ.டி. என்று ஒரு பேர் உண்டு. ஒருமுறை கோவில் மைக் காணாமல் போயிற்று. உபதேசியார் போலீசுக்குப் போகலாம் என்றார். தபீதாள் மட்டும், ஒரு வீட்டுக் கோழிகள் எல்லாம் கூரைக்கு வராமல் தெருவிலேயே படுக்கிறதைப் பார்த்தாள். "கோயி பயப்படற அளவுக்கு அந்த வூட்டுல இன்னா சத்தம்?" என்று நேரே உள்ளே போனாள். அரிசி டிரம்முக்குள் இருந்தது மைக். ராத்திரியெல்லாம் சினிமாப் பாட்டுப் பாடியிருக்கிறான் அந்த வீட்டுக்காரன். அதிலிருந்து கோழி, குடம், நண்டுக்கூடை எது தொலைந்தாலும் போலீசுக்கு முன்னால் அவளிடம்தான் வருவார்கள்.

அப்பேர்ப்பட்ட கெட்டிக்காரி, சொந்தப் புருஷன் தொலைந்ததை மட்டும் துப்புத் துலக்கவில்லை. இரண்டு வருஷத்துக்கு முன்னால், ஒரு கார்த்திகைப் புயலில் இன்பசேகரனின் படகு தனியாகக் கரைக்கு வந்தது. ஏரி கொண்டுபோய்விட்டது என்றார்கள் எல்லோரும். அவள் இல்லை என்றாள், ஆனால் தேடவில்லை. தேடினால் கிடைத்துவிடும், கிடைப்பது உடம்பாக இருந்துவிட்டால் என்ன செய்வது என்ற பயம். தேடாத வரைக்கும் அவன் எங்கேயோ இருக்கிறான். உலையில் அரிசி போடும்போது அவளுடைய கை இன்னும் அவனுக்கும் சேர்த்துத்தான் போடும். மிஞ்சின சோற்றைக் காலையில் தண்ணி ஊற்றித் தானே தின்பாள், தின்றுகொண்டே அவனைத் திட்டுவாள்.

அன்றைக்கு கம்பெனியிலிருந்து வந்த ஈவ்லின் செருப்பைக்கூடக் கழற்றவில்லை, அம்மா முறத்தில் பரப்பி வைத்திருந்ததைப் பார்த்துவிட்டாள்.

"இன்னாமா இது? ஜிலேபியா? ச்சீ. நம்ம வூட்டுல கருவாட்டுக்கா பஞ்சம்?"

"கிட்ட வந்து பாருடி. முள்ளு எந்தப் பக்கம் கீது?"

ஈவ்லின் குனிந்தாள். முதுகைக் கீறி விரித்துப் போடுகிற கருவாட்டில் நடுமுள் ஒரு பக்கத்தோடு ஒட்டிக்கொண்டு போகும். ஊரில் யார் கீறினாலும் அது வலதுபக்கம்தான் நிற்கும். இதில் இடதுபக்கம் நின்றது.

"பீச்சாங்கையால கீறினது," என்றாள் தபீதாள்.

"அதுக்கு? ஒலகத்துல நைனா ஒருத்தர்தான் பீச்சாங்கையா? எங்க லைன்லயே மூணு பேரு கீறாங்க."

"உங்க லைன்ல கீறவங்க வாலாண்ட மஞ்சளு வெச்சித் தேப்பாங்களாடி?"

உப்போடு ஒரு சிட்டிகை மஞ்சளை வால்பக்கம் வைத்துத் தேய்ப்பது தபீதாளின் அம்மா வீட்டுப் பழக்கம். கல்யாணமாகி வந்து அவள்தான் இன்பசேகரனுக்குச் சொல்லிக் கொடுத்தாள். நண்டுமேட்டில் வேறு எவரும் அப்படிச் செய்வதில்லை. கை அவனுடையது, மஞ்சள் அவளுடையது.

"வித்த பொம்பளகிட்ட கேட்டியா?"

"கேட்டேன். அவ எங்க சரக்கு எடுக்கறான்னு நான் துப்பு பாக்கறேன்னு நெனச்சிகினா. 'நீகெந்துகம்மா, உனுக்கு இன்னாத்துக்கு'ன்னு மூஞ்சத் திருப்பிகினா."

"யம்மா, இந்த ஞாயித்துக்கெயம சீட்டு. அத நெனச்சிகினே இருந்து உனுக்கு எல்லாமே நைனாவா தெரியுது."

சீட்டு என்றால் விளையாட்டு இல்லை. ஏரியில் இறால் ஓடுகிற இடத்துக்குப் பாடு என்று பேர். அங்கே ஒரு நாளைக்கு ஒரு வீட்டுக்காரன்தான் வலை போடலாம், இன்றைக்கு இவன், நாளைக்கு அவன் என்று முறை வைத்து. முறையை வருஷத்துக்கு ஒருதடவை சீட்டுப் போட்டு எடுப்பார்கள். நண்டுமேட்டுக்காரர்கள் ஒரு காலத்தில் அடுத்தவன் படகில் கூலிக்குப் போனவர்கள். பாடு எல்லாம் மற்ற ஊர்களுடையது. மனுப்போட்டு, அடி வாங்கி, கோர்ட் படியேறி, தாத்தாக்கள் காலத்தில்தான் ஒரே ஒரு பாடு இவர்களுக்கென்று கிடைத்தது. அதனால் பாடு பற்றிய சட்டத்தை வேதத்துக்கு ஒரு படி மேலேயே வைத்திருந்தார்கள். அடுத்தவன் முறையில் கேட்காமல் வலை போட்டால் அந்த வீட்டுப் பேர் சீட்டிலிருந்து அடிபடும், பேரன் காலத்துக்கும் திரும்பி ஏறாது. ஆள் காணாமல் போனால் இரண்டு சீட்டுக்குப் பேரை வைத்திருந்து, அவன் முறையன்றைக்கு ஊரே வலை போட்டு வீட்டுக்குப் பங்கு கொடுக்கும். மூன்றாவது சீட்டில் பெண்சாதி எழுந்து நின்று சொல்ல வேண்டும், இருக்கிறார் அல்லது இல்லை. இருந்தால் எங்கே என்று காட்ட வேண்டும். இல்லை என்றால் ஆண்பிள்ளை இல்லாத வீட்டுப் பேர் போய்விடும்.

அந்தப் பேருக்காக இன்பசேகரனின் அண்ணன் சாம்ராஜ் காத்துக்கொண்டிருந்தார். அவர் மகன் ஸ்டீவனுக்குக் கல்யாணமாகித் தனிக்குடித்தனம் வைத்தாயிற்று, தனிச் சீட்டு இல்லை, ஒரு பேர் போனால்தான் இன்னொரு பேர் ஏறும். "தபீதா, போனவன் போய்ட்டான். ஒரு ஸ்தோத்திர ஜெபம் வெச்சி முடிச்சிடலாம்மா," என்று இந்த மாசத்தில் பலமுறை வந்து சொல்லிவிட்டார். அவர் தலை தெருமுனையில் தெரிந்தாலே தபீதாள் முறத்தைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விடுவாள்.

வெள்ளிக்கிழமை காலையில் அவள் கருவாடு வாங்கின கார்வேட்டிநகரத்துக்கே மறுபடி புறப்பட்டாள்.

"அங்க இருந்தாருன்னா?" என்றாள் ஈவ்லின், வாசலில் நின்று. "உசுரோட கீற மனுசன் ரெண்டு வருசம் வூட்டுக்கு வரலன்னா, அந்தாளு எனக்கு நைனாவே கெடையாது. சொல்லிடு."

"இருக்கட்டும்டி மொதல்ல. அப்பால நீயே வந்து திட்டு."

சத்தியவேடு, நாராயணவனம், புத்தூர் என்று பஸ் மாறி மாறி, கார்வேட்டிநகரத்தில் இறங்கியபோது வெயில் ஏறிவிட்டது. கருவாடு விற்ற மணியம்மாவின் வீட்டைக் கண்டுபிடிக்க அவளுக்கு விசாரிக்கவே வேண்டியிருக்கவில்லை, தெருப்பூனை எல்லாம் ஒரே வாசலில் உட்கார்ந்திருந்தன. மணியம்மா இவளைப் பார்த்ததும் இடுப்பில் கை வைத்தாள். தபீதாள் எதுவும் கேட்கவில்லை. ஒரு பொட்டலம் சென்னாக்குன்னியை நீட்டினாள்.

"அக்கா, மனசு கேக்கல, வந்தேன். அன்னிக்கி வாங்கின கருவாட்டுல உப்பு பத்தல. மழை வந்துச்சின்னா புழு வெக்கும். அப்பறம் துன்றவங்க உன்னத்தான் திட்டுவாங்க. போடறவங்களுக்குத் தொழிலு தெரியல போல."

மணியம்மாவுக்குச் சுருக்கென்றது. "நா சரக்குக்கா? என் சரக்குக்கா புழு வெக்கும்? இத பாரம்மா, ஆயன, அந்தாளு, சமுத்திரத்துல பொறந்தவன். உப்பு பத்தலன்னா போயி அவனையே அடுகு, கேளு! அணைக்கட்டுமேல ஷெட்டுல கீறான். மேஸ்திரி வெச்சிருக்கிற ஆளு. அரவமோடு. எவங்கிட்டயும் பேசமாட்டான், கீறிகினே கெடப்பான்."

அரவமோடு. தமிழ்க்காரன். தபீதாள் வாங்கின தண்ணியைக்கூடக் குடிக்காமல் சொம்பை வைத்துவிட்டு எழுந்தாள்.

ஷேர் ஆட்டோ அணைக்கட்டுக்கு அடியில் இறக்கிவிட்டது. கரைமேல் ஏறினால் ஒரு பக்கம் மலை, ஒரு பக்கம் தண்ணி, நடுவில் ஒரு தகர ஷெட். கம்புகளில் வரிசையாக ஜிலேபி காய்ந்தது. அதற்கு அந்தப் பக்கம், குத்துக்காலிட்டு உட்கார்ந்து ஒருவன் மீன் கீறிக்கொண்டிருந்தான். கத்தி இடது கையில் இருந்தது.

வழியெல்லாம் என்னென்ன திட்டலாம் என்று அடுக்கி வைத்துக்கொண்டு வந்தாள் பாவி மகள். பாழாய்ப்போனவனே, சண்டாளா, நீ நல்லாயிருப்பியா என்று எல்லாம் தயாராக இருந்தது. கழுத்து எலும்பு தெரிய, பாதி நரைத்த தலையோடு அவன் உட்கார்ந்திருந்ததைப் பார்த்ததும் ஒன்றும் வாயில் வரவில்லை. ஓடிப்போய் அந்தத் தலையைக் கட்டிக்கொள்ள வேண்டும்போல் இருந்தது.

"உப்பு கம்மி," என்றாள்.

இன்பசேகரன் நிமிர்ந்தான். கத்தி மீன்மேல் விழுந்தது. கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, யாரோ துரத்தி வந்துவிட்டதுபோல அவளுக்குப் பின்னால் கரையைப் பார்த்தான்.

"யாரும் வரல. நான்தான்."

"ஈவு?"

"நல்லா கீறா. நீ அவளுக்கு நைனா இல்லியாம். சொல்லிட்டு வரச் சொன்னா."

அவன் தலையை ஆட்டினான். பிறகு முழங்கையால் கண்ணைத் துடைத்தான், கையெல்லாம் செதிள். தபீதாள் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தாள். சும்மா உட்காரத் தெரியாத பிறவி, கூடையிலிருந்து ஒரு மீனை எடுத்துச் செதிள் சுரண்ட ஆரம்பித்தாள்.

"ஏன்யா?" என்றாள். "இன்னா கொற வெச்சேன்? எவளாவது கீறாளா?"

"ஐயோ, போடி."

"அப்பறம் இன்னாத்துக்கு? போன் நெம்பரு கூடவா மறந்துபூட்ச்சி?"

"மறக்கல. போடுவேன். மேஸ்திரி போன்லருந்து, ஆட்டோக்காரன் போன்லருந்து. நீ அலோ அலோன்னு கத்துவ. அப்பறம் திட்டுவ. கேட்டுட்டு வெச்சிடுவேன்."

தபீதாளின் கை நின்றது. பேசாமல் மூச்சு மட்டும் விட்ட எத்தனை போனை அவள் கிழித்துத் தோரணம் கட்டியிருக்கிறாள்! எவனோ பொறுக்கி என்று நினைத்து, அவன் அக்கா தங்கச்சி வரைக்கும் இழுத்திருக்கிறாள். "அடப்பாவி! அவ்ளோ கெட்ட வார்த்தை சொன்னேனே!"

"அதக் கேக்கத்தானே போடறது."

அவளுக்குச் சிரிப்பு வந்தது, அழுகையும் வந்தது. மூக்கை முந்தானையில் சிந்திவிட்டு, "சொல்லு, இன்னா நடந்துச்சி," என்றாள்.

"அன்னிக்கி அண்ணன் மொற. ஈஸ்டர்ல வேலிக்கோசரம் சண்ட போட்டுகினமே, அதுலருந்து பேச்சு இல்ல. அண்ணனுக்கு ஜுரம், ஏரிக்கு வரல. காத்து எயும்பிடுச்சி. அந்த மாதிரி காத்துல எறா எப்பிடி ஓடும்னு உனுக்கு தெரியாதா? வீணாப் போவுதேன்னு வயிறு எரிஞ்சிச்சி. ஒரு வார்த்த போயி கேட்டிருந்தா குடுத்திருப்பான். கேக்க மனசு வரல. போய் வலையப் போட்டேன்."

"அண்ணன் மொறையிலயா? யோவ்!"

"விடியக்குள்ள எடுத்துடலாம்னு பாத்தேன். காத்து படகப் பெரட்டிடுச்சி. நீஞ்சி மேக்கால கரையேறிட்டேன். வலை அங்கியே நின்னுபோச்சி, அண்ணன் எடத்துல, என் வலை. விடிஞ்சா ஊரே பாக்கும். நான் உசுரோட வந்து நின்னேன்னா பேரு அடிச்சிடுவாங்க. திருட்டு வலை போட்டவன் பொண்ணுன்னு ஈவ யாரு கட்டுவான்? செத்துட்டேன்னா ஏரி கொண்டுபோச்சின்னு பாவம் பாப்பாங்க, பேரு ரெண்டு சீட்டுக்காவது நிக்கும். கரையில நின்னு யோசிச்சேன். அப்பிடியே நடந்துட்டேன்."

பேரைக் காப்பாற்ற ஆள் செத்துப்போவதாம்! வேற எந்த ஊர்க்காரனுக்காவது இப்படி ஒரு யோசனை வருமா? நண்டுமேட்டானுக்குத்தான் வரும். ஆனால் தபீதாளும் நண்டுமேட்டாள்தானே, அவன் சொன்னது அவளுக்குப் புரிந்தது. அதுதான் அவளுக்கு ஆத்திரமாக இருந்தது.

"உன் வலைய அங்க யாரும் பாக்கல. யாரும் ஒண்ணியும் சொல்லல."

"காத்து அட்சிகினு போயிருக்கும். அதுக்கோசரம்? வந்து நின்னா எங்க இருந்த, ஏன் வரலன்னு கோயில் முன்னாடி நிக்க வெச்சி கேப்பாங்க. அங்க நின்னு பொய் சொல்ல என்னால ஆவாது. இந்தச் சீட்டுல இல்லன்னு சொல்லிடு தபீ. பேரு போனாலும் மானத்தோட போவட்டும்."

அவன் சோறு வடித்து, ஜிலேபித் தலையைப் போட்டுப் புளிக்குழம்பு வைத்தான். ஒரே தட்டுதான் இருந்தது, அவளுக்குக் கொடுத்துவிட்டுச் சட்டியில் போட்டுக்கொண்டான். குழம்பு நன்றாகவே இருந்தது. அது அவளுக்குப் பிடிக்கவில்லை. என் கை இல்லாமல் இவன் இத்தனை நாள் சமைத்துத் தின்றிருக்கிறானே என்று இருந்தது. கடைசி பஸ் போய்விடும் என்று அவன்தான் எழுப்பி அனுப்பினான். திரும்பிப் பார்த்தபோது கரைமேல் நின்றுகொண்டிருந்தான். ஆட்டோ திரும்புகிற வரைக்கும் நின்றான்.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் ஊர் கோவில் வாசலில் உட்கார்ந்தது. காணிக்கைப் பையைக் காலி செய்து அதில்தான் சீட்டுப் போடுவார்கள். உபதேசியார் ஜெபம் பண்ணினார். ஊர்ப் பெரியவர் ஆசீர்வாதம் ஒவ்வொரு பேராகச் சொல்லிச் சீட்டை உள்ளே போட்டுக்கொண்டே வந்தவர், ஒரு சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு நிறுத்தினார்.

"இன்பசேகரன். இது மூணாவது. எயுந்திரு தபீதா. கீறானா, இல்லியா?"

முன்வரிசையில் சாம்ராஜும் ஸ்டீவனும் இருந்தார்கள். ஈவ்லின் அம்மாவின் முந்தானையைப் பிடித்து இழுத்தாள். வெள்ளிக்கிழமையிலிருந்து அவள் அம்மாவோடு சரியாகப் பேசவில்லை, சாப்பிடவும் இல்லை. இல்லை என்று சொல்லிவிடு என்கிறாளா, இருக்கிறார் என்று சொல் என்கிறாளா, அவளுக்கே தெரிந்திருக்காது. தபீதாள் எழுந்தாள்.

"கீறாரு."

கூட்டம் கலகலத்தது. ஆசீர்வாதம் கையை உயர்த்தினார். "எங்க?"

"கார்வேட்டிநகரத்தாண்ட ஒரு அணைக்கட்டுல. ஜிலேபி கீறிகினு கீறாரு. நான் கண்ணால பாத்தேன். அவர் வெச்ச கொயம்பத் துன்னேன்."

"அப்ப ஏன் வரல?"

"பயம். உங்களப் பாத்து பயம். அன்னிக்கி அவங்க அண்ணன் மொற. கேக்காம வலை போட்டாரு. தப்பு. படகு பெரண்டுச்சி, பேரு போய்டுமேன்னு செத்தவன் மாதிரி ஒளிஞ்சிகினாரு."

ஆசீர்வாதம் சீட்டைக் கீழே வைத்தார். "யம்மா, இன்னா சொல்றன்னு தெரிஞ்சிதான் சொல்றியா? இல்லன்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா மானமா போயிருக்கும். இப்ப அடிச்சா அடிச்சதுதான். நாளைக்கு உனக்கு பேரன் பொறந்தாலும் ஏறாது."

"தெரியும் பெரியவரே. ஏன் வரலன்னதுக்கு பொய் சொன்னா பேரு நிக்கும், ஆளு இல்லன்னு சொன்னா மானம் நிக்கும். எதச் சொன்னாலும் அவரு அங்கியே நிப்பாரு. பேர நீங்களே வெச்சிக்கோங்க. எனக்கு ஆளு வோணும்."

அதற்குமேல் அவளால் முடியவில்லை, உட்கார்ந்துவிட்டாள். ஆசீர்வாதம் பேனாவைத் திறந்து பேரை அடித்தார். ஸ்டீவன் பேரை எழுதிப் பையில் போட்டார்கள். யாரும் அவளைத் திட்டவில்லை, யாரும் கிட்டேயும் வரவில்லை.

மத்தியானமே அவள் தடாவில் பஸ்ஸுக்கு நின்றாள். ஈவ்லின் வரவில்லை. ஆனால் அப்பாவின் பழைய சட்டை இரண்டைத் தோய்த்து, இஸ்திரி போட்டுப் பையில் வைத்திருந்தாள். வைத்ததைச் சொல்லவும் இல்லை. தபீதாள் பையைத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தபோது பக்கத்தில் யாரோ வந்து நின்றார்கள். சாம்ராஜ். ஆராதனைக்குப் போட்ட வெள்ளைச் சட்டையோடேயே வந்திருந்தார்.

"எந்த பஸ்ஸு?" என்றார்.

"நீ எதுக்கு மாமா? அடிக்கப் போறியா?"

"என் மொறையில வலை போட்டவன நான் கேக்காம யாரு கேக்கறது?"

சொன்னதும் அவர் குரல் இறங்கிவிட்டது. "எனக்குத் தெரியும் தபீதா. அன்னிக்கி விடியக்குள்ள ஜுரத்தோட போய்ப் பாத்தேன். அவன் வலை என் எடத்துல நின்னுகினு இருந்துச்சி. நான்தான் அறுத்து எடுத்தேன். மண்ணுல பொதச்சேன். செத்தவன் பேரு எதுக்கு கெடணும்? ஒருத்தர்கிட்டயும் வாயத் தொறக்கல."

தபீதாள் பஸ் ஸ்டாப் கட்டையைப் பிடித்துக்கொண்டாள். யாருக்குப் பயந்து அவன் இரண்டு வருஷம் மலைக்கடியில் கிடந்தானோ, அந்த ஆள் முதல் நாளே மன்னித்துவிட்டிருக்கிறார். இந்த மனுஷன் தெருமுனையில் வரும்போதெல்லாம் அவள் முறத்தைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனாளே, ஒருநாள் நின்று ஒரு வார்த்தை பேசியிருந்தால்!

"காலையில சீட்டுல எயுந்து நின்னு, நான்தான் மொறைய அவனுக்கு குடுத்தேன்னு சொல்லியிருக்கலாம்," என்றார் சாம்ராஜ். "பேரு நின்னிருக்கும். வாய் வரைக்கும் வந்துச்சி. பக்கத்துல ஸ்டீவன் மூஞ்சியப் பாத்தேன். முழுங்கிட்டேன்."

அவரை வெறுக்கவேண்டும் என்று தேடிப் பார்த்தாள், அதற்கு நெஞ்சில் இடமில்லை. சத்தியவேடு பஸ் வந்தது. ஏறி, பொம்பளைகள் சீட்டில் அவளும், அதற்குப் பின்சீட்டில் அவரும் உட்கார்ந்தார்கள். ஹைவே தாண்டினதும் சாம்ராஜ் கம்பியைப் பிடித்துக்கொண்டு முன்னால் குனிந்தார்.

"தபீதா, எளச்சிட்டானா?"

"ம்," என்றாள். "ரொம்ப எளச்சிட்டாரு மாமா."

சாம்ராஜ் ஜன்னல்பக்கம் திரும்பிக்கொண்டார். டிக்கெட் கேட்டு வந்த கண்டக்டர் இரண்டு தடவை கூப்பிட்டும் அவர் இந்தப் பக்கம் திரும்பவில்லை. தபீதாள்தான் இரண்டு டிக்கெட்டும் எடுத்தாள்.